வாசலில் கேட்ட குரல்

பிள்ளைகளே, என் அக்கா, உங்கள் அத்தை, பிறந்தது வன்னியம்பட்டியில். எங்கள் அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே காலமாகிவிட்டதால், எனக்குத் தாய் ஸ்தானத்தில் நின்றவர் அவர்தான். நர்சு படிப்பு முடித்து ராஜபாளையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். என்னை மில்லில் சேர்த்துவிட்டார், கல்யாணம் செய்துவைத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் தேடிக்கொள்ளவில்லை.

எண்பதுகளில் ஒரு ஐப்பசி மழை. தேவதானம் பக்கம் ஒரு சிற்றூரில் கிணறுகளில் வெள்ளம் புகுந்து, வாந்திபேதி பரவியது. அத்தை மருந்து ஜீப்பில் போனார். மழையால் மில் ஓடாததால், சலைன் பெட்டி தூக்க நானும் போனேன். மாடத்தி என்பவரின் சின்ன மகள் கண் குழிந்து கிடந்தாள். அவளுக்கு ஒரு பாட்டில் ஏற்றிவிட்டு, "நாளைக்கும் ஏத்தணும், இல்லாட்டி தாங்கமாட்டா. வாரேன்" என்றார் அத்தை. வாசலுக்கு வாசல் 'வாரேன்' என்றே சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

மறுநாள் உச்சிப்பொழுதில் போனால் தெரு முழுக்கக் கதவடைப்பு. நிலைதோறும் வேப்பங்குழை. நாய்கூடக் குரைக்கவில்லை. எங்கோ உரல் இடிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் தெருவுக்குள் திரும்பியதும் நின்றுவிட்டது. மாடத்தி வீட்டுக் கதவில் காதை வைத்தேன். அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஏட்டி மாடத்தி, திற. நேத்து வந்த நர்சுதான்."

"விடியக்காலமும் இப்படித்தான் சொன்னீய. மேலவீட்டுத் தாத்தா உங்க குரல்னு நம்பித் திறந்தாரு. இப்ப அவரு இல்ல. நோய் கிடக்குற வீட்டுல வாரேன்னு சொல்லலாமா நர்சம்மா? நீங்க சொன்னீய, அது வந்துட்டு" என்றார் மாடத்தி உள்ளிருந்து.

"எம் பொண்டாட்டி எம் குரலுக்கே திறக்கமாட்டா. வாங்க சிஸ்டர், போயிருவோம்" என்றார் ஜீப் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

அத்தை ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, நடுத்தெருவில் சலைன் பெட்டிமேல் உட்கார்ந்தார். "மாடத்தி, இனி நான் போகவும் மாட்டேன், வரவும் மாட்டேன். இங்ஙனயேதான் இருக்கேன்." மழை தூறியது. அவர் எழுந்திருக்கவில்லை. செத்த நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. பிள்ளைக்குக் கையில் நரம்பு அகப்படாமல், கடைசியில் காலில் ஏற்றினார். பொழுது சாயும்போது அவள் தண்ணீர் கேட்டாள். அதைப் பார்த்து மற்றக் கதவுகளும் திறந்தன. பேதி அடங்கும்வரை அத்தை ஊர் திரும்பவில்லை.

"விடியக்காலம் வந்தது யாரு அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் வீட்டுலதாம்லே படுத்திருந்தேன். ஒரு கிழவனாரு வாசல்ல நின்னு கூப்பிடுத மாதிரி கனாக் கண்டேன். அவரு மூஞ்சிய அதுக்கு முன்ன நான் பார்த்ததில்ல. பொறவு மேலவீட்டுல தாத்தா படத்தப் பார்த்தேன், அதே மூஞ்சி."

அதன்பிறகு எந்த வீட்டிலும் அத்தை 'வாரேன்' என்று சொன்னதில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசி நாள், மத்தியானம், அத்தை வாசலையே பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"யாரோ கூப்பிடுதாவ. எங் குரல் மாதிரியே இருக்குலே" என்றார். பிறகு தெளிவாக, "வாரேன்" என்றார்.

இரத்தம் கொடுத்தவர்களுக்கும், பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், இரவு பகலாக உடனிருந்த மாடத்தியின் மகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று துக்க வீட்டு வழக்கப்படி நீங்கள் எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். இன்று அவருக்கு வருடத் திதி. சாப்பிட்டுவிட்டுப் புறப்படும்போது, 'போயிட்டு வாரோம்' என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். என்னைக் கூப்பிட அது வரும்போது, யார் குரலில் வருகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.