காறை எலும்புக் குழியில் என் கட்டைவிரல்

கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், காறை எலும்புக்கு மேலே ஒரு சின்னக் குழி இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதுதான். மூத்தாருடைய அந்தக் குழியில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நுவரெலியா ஆஸ்பத்திரி வரைக்கும் நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். அதனால் இதை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், எழுதத் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். மூத்தார் என்றால் வீட்டுக்காரருக்கு அண்ணன். அவர்களும் அக்காவும், அதாவது அவர்கள் சம்சாரமும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார்கள். மூத்தார் முன்னால் நிற்பதோ முகம் பார்த்துப் பேசுவதோ எங்களுக்குள் வழக்கமில்லை. அவர்கள் வாசலுக்கு வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அதுவரைக்கும் என்னிடம் அவர்களோ, அவர்களிடம் நானோ ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்குக் கவ்வாத்து மலையில் ஆண்கள் தேயிலைச் செடிகளைப் புதுசாகத் துளிர்க்க மட்டமாக வெட்டிக்கொண்டு வந்தார்கள். அக்காவும் நானுமாகப் பெண்கள் நாலைந்து பேர், வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளை விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்தோம். கவ்வாத்துக் கத்தி வளைந்து, கனமாக இருக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ இரண்டு கையும் வேண்டுமென்றால், ஆண்கள் அந்தக் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொள்வார்கள். கீழே வைத்தால் மிலாறுக்குள் மறைந்து போகும் என்று அப்படி ஒரு பழக்கம். மூத்தாரும் அதைத்தான் செய்தார்கள். மழை ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார்கள். கத்தி அக்குளுக்குள் இறங்கிவிட்டது.

ரத்தம் விட்டுவிட்டு எட்டி அடித்தது. யாரோ ஓடிப்போய்க் கோப்பித்தூள் கொண்டுவந்து அப்பினார்கள். கங்காணி தன் தலைத்துண்டை அவிழ்த்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார். வெட்டு அதற்கும் மேலே இருந்தது. கட்டினதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

தோட்டத்து மருந்துச் சாலையிலிருந்து டிஸ்பென்சர் ஐயா வந்தார். வந்ததும் முதலில் காயத்தைத் தொடவில்லை. காறை எலும்புக்கு மேலே அந்தக் குழியில் கட்டைவிரலை வைத்துக் கீழ்நோக்கி ஓர் அமுக்கு. குழாயை மூடின மாதிரி ரத்தம் நின்றது. பிறகுதான் அக்குளுக்குள் துணியைத் திணித்தார்.

"நெஞ்சுல இருந்து கைக்குப் போற பெரிய குழாய் இந்த எலும்புக்கு அடியிலதான் வருது. கீழ முதல் விலா எலும்பு இருக்கு. அதோட சேத்து அமுக்குனா மேலயே அடைஞ்சுரும். யாராவது ஒருத்தர் இப்படியே புடிச்சுக்கிட்டு லொறியில போகணும். எனக்கு அங்க ஒரு புள்ளப்பேறு சிக்கிக் கெடக்கு."

கங்காணி முன்வந்தார். அவர் விரல் தொண்டைப் பக்கம் போய்விட்டது.

"ரத்தம் போயிச் சாகுறதுக்கு முன்னாடி, நீங்க மூச்சு முட்டிச் சாகடிச்சுருவீங்க போலருக்கே கங்காணி," என்றார்கள் மூத்தார், அந்த நிலைமையிலும்.

அக்கா அதற்குள் அக்குள் துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னோடு மிலாறு கட்டியவள் ஒருத்தி என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவள வைக்கச் சொல்லுங்க ஐயா. கொழுந்து கிள்ளிக் கிள்ளி இவ வெரலு கொறடாட்டம் இருக்கும்."

"அய்யய்யோ, அவளுக்கு மூத்தாராச்சே!" என்றாள் இன்னொருத்தி.

"மூத்தாரோ எளையாரோ, ஆளு பொழைக்கணுமா வேணாமாடி?" என்று ஐயா அதட்டினார். என் கட்டைவிரலைப் பிடித்துக் குழிக்குள் வைத்தார். விரலுக்கு அடியில் குழாய் குதித்தது. அமுக்கினேன். "இப்ப மணிக்கட்டுல நாடி இருக்கா பாரு. இல்லயில்ல? நாடி இல்லாத வரைக்கும் நீ சரியாப் புடிச்சிருக்க. என்ன ஆனாலும் விடாத."

லொறியிலிருந்த தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுச் சாக்கு விரித்து மூத்தாரைப் படுக்கவைத்தார்கள். நான் தலைமாட்டில் முழங்காலிட்டேன். அக்கா அக்குள் துணியை அழுத்திப் பிடித்திருந்தாள். வீட்டுக்காரர் தோட்டத்தின் வேறு டிவிஷனில் வேலையாக இருந்தார், அவருக்கு ஆள் அனுப்ப நேரமில்லை.

வழியில் லிந்துலையைத் தாண்டியதும் அக்கா அழ ஆரம்பித்தாள். "கை ஐஸாட்டம் ஆயிருச்சுடி. நகமெல்லாம் வெளுத்துப் போச்சு. நீ அமுக்கித்தான் கை செத்துப் போச்சு. கொஞ்சம் எடேன்."

மூத்தாரும் கண்ணை மூடியபடியே, "எடு புள்ள, தாங்க முடியல," என்றார்கள்.

என்னிடம் அவர்கள் பேசிய முதல் வார்த்தை அது. மூத்தார் சொல்லி மறுக்கிற பழக்கம் எனக்கில்லை. எடுத்துவிட்டேன்.

அக்கா விரல்களுக்கு நடுவே ரத்தம் பொங்கி வந்தது. திரும்ப அமுக்கினேன், நிற்கவில்லை. இடது கையால் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தால் நாடி லேசாகத் துடிக்கிறது. விரல் தப்பான இடத்தில் இருக்கிறது. ஒரு நெல்லளவு கழுத்துப் பக்கம் நகர்த்தி, முதுகுப் பக்கமாகச் சாய்த்து அமுக்கினேன். நாடி நின்றது, ரத்தமும் நின்றது.

"அசையாதீங்க," என்று லொறிச் சத்தத்துக்கு மேலே கத்தினேன். "அக்கா, இனிமே என்னய ஒண்ணும் கேக்காதீங்க. எடுக்க மாட்டேன். கை போனாலும் ஆளு இருக்கட்டும்."

அக்கா என்னைத் திட்டினாள். திட்டட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் பலகையில் தேய்ந்தது. வலது கட்டைவிரல் மரத்துப்போனதும் இடது கட்டைவிரலை அதன்மேல் வைத்து உடம்புப் பாரத்தைப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் மேசை வரைக்கும் என்னையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போனார்கள். டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஒரு நர்ஸ் என் விரலை மெதுவாகப் பிரித்து எடுத்து, தன் விரலை வைத்தாள்.

வேலை முடிந்து டொக்டர் சொன்னதை, தமிழ் தெரிந்த அட்டெண்டன்ட் எங்களுக்குச் சொன்னார். காறை எலும்புக்கு அடியில் இரண்டு பெரிய குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்று கைக்கு ரத்தம் கொண்டுபோவது. மற்றது அதற்கு முன்னால் இருந்துகொண்டு கையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருவது. திருப்பிக் கொண்டுவருவது தப்பிவிட்டது. கொண்டுபோவதுதான் அக்குளில் அறுந்திருந்தது, அதன் வாயைக் கட்டி அடைத்துவிட்டார்கள். இனி தோள்பட்டையைச் சுற்றியிருக்கும் சின்னச் சின்னக் குழாய்கள் விரிந்து கைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் விரல் சூடாகும். சூடாகாவிட்டால் கையை எடுக்க வேண்டிவரும்.

நானும் அக்காவும் வார்டு வாசலை விட்டு நகரவில்லை. போகச் சொன்னார்கள். போகவில்லை. அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். விடிந்ததும் உள்ளே விட்டார்கள். அக்கா மூத்தாருடைய விரல்களைத் தொட்டாள். வெளியே வந்து, பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மத்தியானம் தொட்டாள். அப்போதும் விரல் சூடாகியிருக்கவில்லை.

சாயந்தரம் பார்வையாளர் மணி அடித்தபோது மறுபடி உள்ளே போனோம். அக்கா அந்த விரல்களை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு என் கையை இழுத்து, அந்த விரல்கள்மேல் வைத்தாள்.

"நீயே பாருடி," என்றாள்.

புதுசாகப் பிறந்த பிள்ளையின் பாதத்தில் இருக்கிற அளவு சூடு இருந்தது.