கட்டண அறிக்கையில் இடமில்லாதவை

அரசு அலுவலகத்தில் கட்டணம் வாங்குவது ஒரு வேலை, வாங்கியதை மேலிடத்துக்கு அறிக்கையாக எழுதி அனுப்புவது இன்னொரு வேலை. முதலாவதில் மனிதர்களின் முகத்தைப் பார்க்கலாம். இரண்டாவதில் அவர்கள் போன பிறகு மிஞ்சிய தொகையை மட்டும்தான் பார்க்கலாம். தாம்பரத்தை ஒட்டிய ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் பல வருஷம் கீழே கவுண்டரில் இருந்துவிட்டு, பதவி உயர்வு என்ற பெயரில் மாடிக்கு அனுப்பப்பட்டவள் நான். எந்தச் சேவைக்கு என்ன கட்டணம், எவ்வளவு வசூல், எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம், ஏன் கொடுத்தோம் என்று மாதாமாதம் எழுத வேண்டும். இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முதுகுவலி வாங்கியவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பிற காரணங்கள்

சமுதாயக் கூடத்தைப் பதிவு செய்துவிட்டு ரத்து செய்தால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவோம். எதற்காக ரத்து என்று அறிக்கையில் சொல்லியாக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்கிற காரணங்கள் மூன்றே மூன்று: மரணம், இயற்கைச் சீற்றம், பிற காரணங்கள்.

இரும்புலியூரிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாடியேறி வந்தார். மகள் கல்யாணத்துக்குக் கூடம் பிடித்திருந்தார். வெளிநாடு போன மாப்பிள்ளை இப்போது போனை எடுப்பதில்லையாம். வேண்டாம் என்றும் சொல்லவில்லையாம். நான் மூன்றாவது காரணத்தைத் தேர்ந்தெடுப்பதைத் திரையில் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு வழியில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் அவர் கேட்டதுதான் காதில் விழுகிறது: "தள்ளி வெச்சிருக்குன்னு போட முடியாதா மேடம்? வீட்ல பொண்ணு அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கா."

பலகைக்கு முன்னால்

கட்டண விவரத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறோம் என்று மேலிடத்துக்குப் போட்டோவோடு சொல்ல வேண்டும். வாசல் பலகையைப் படம் எடுக்க நானே இறங்கிப் போவேன். உதவியாளரை அனுப்பலாம்தான். ஆனால் கீழே போய் நாலு முகங்களைப் பார்க்க எனக்கும் ஒரு சாக்கு வேண்டுமே.

அங்கே அடிக்கடி செல்வியைப் பார்ப்பேன். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவந்து எங்கள் தெருக்களில் விற்கிறவள். காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீடு கட்ட அனுமதிக்கு எவ்வளவு, குடிநீர் இணைப்புக்கு எவ்வளவு என்று கேட்பாள். நானும் பலகையில் விரல் வைத்துப் படித்துக் காட்டுவேன். போன தடவை கேட்டதையே அடுத்த தடவையும் கேட்பாள். கட்டணம் ஏறியிருந்தால் அவள் முகம் வாடிவிடும். ஒருநாள், "மனை எந்தப் பக்கம் வாங்கியிருக்கே?" என்று கேட்டேன். தங்கை வீட்டில் ஒரே அறையில் ஒண்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். "மனையும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. எவ்ளோ ஆவும்னு கேட்டுக்கினு இருந்தாதான் வூடு வரப்போற மாரி கீது."

சைபர்

எங்கள் சிறுவர் பூங்காவை மராமத்துக்காக மூடினார்கள். மூடியது மூடியதுதான். மாதாமாதம் நுழைவுக் கட்டணம் என்ற தலைப்பில் சைபர் என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது: வருமானமே இல்லாத பூங்காவை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கார் நிறுத்த விடலாமா?

அங்கே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த பாபு இப்போது எங்கள் மாடியில் ஃபைல் தூக்குகிறார். விஷயத்தைச் சொன்னதும், "யாரும் வரலைன்னு எவன் சொன்னது?" என்று கொதித்துப்போய், அன்று சாயங்காலமே என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனார். வேலை முடிந்து தினமும் அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாராம். பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் உள்ளே இருந்த ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா ஓரமாக நின்றிருந்தாள். "அங்கிள், எப்போ தெறப்பீங்க?" என்றாள் அந்தப் பெண். "அடுத்த மாசம் கண்ணு," என்றார் பாபு. பலமுறை சொல்லிப் பழகிய குரல் அது. நான் எழுதிய சைபரைத்தானே மேலிடம் படித்திருக்கிறது!

மறுநாள், 'பூங்கா மூடியிருப்பதால் கட்டணம் வசூலிக்கவில்லை. பிள்ளைகள் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள்' என்று எழுதினேன். எங்கள் கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். கட்டண அறிக்கையில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். கார் நிறுத்தும் யோசனை கைவிடப்பட்டது. மராமத்து மட்டும் தொடங்கின பாடில்லை. பாபுவிடம் சொன்னபோது முதலில் முகம் மலர்ந்தது, பிறகு ஏனோ சுருங்கிவிட்டது. "கார் வரலைன்னா சந்தோசம் மேடம். ஆனா சாய்ங்காலம் அந்தக் கொயந்த கேட்டா நான் இன்னா சொல்றது?"

மனு

என்னை மறுபடி கவுண்டருக்கே அனுப்பும்படி மனு எழுதிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்தேன். சில்லறைக்குச் சண்டை போடுகிறவர்கள், குழந்தைக்கு வைத்த பேரைப் பெருமையாக எழுத்துக்கூட்டிச் சொல்கிறவர்கள், ரசீது வாங்கிக்கொண்டு "வரேன்மா" என்று போகிறவர்கள், எல்லாரும் மனதில் வந்துபோனார்கள். இங்கே ஜன்னல் வழியாக ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ்களின் கூரை மட்டும்தான் தெரியும். அவர் மனுவைப் படித்து, மடித்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கீழ இருந்தப்போ மேல வரணும்னு மனு, மேல வந்தப்புறம் கீழ போகணும்னு மனு. உங்க மனுவுக்கு ஒரு கட்டணம் வெச்சாத்தான் நிறுத்துவீங்க போலிருக்கு!"

எங்கள் அறிக்கையில் எல்லாக் கட்டணமும் பைசா சுத்தமாக இருக்கும். மனிதர்களின் ஏக்கத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் இன்னும் சுற்றறிக்கை வரவில்லை.