செம்பரம்பாக்கம் கரையில் கர்த்தர் என்னை உட்கார வைத்தார்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே, நான் ஒரு முக்காலியிலிருந்து விழுந்தவன். மலையிலிருந்து விழுந்தேன், மரத்திலிருந்து விழுந்தேன் என்றாலாவது சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருக்கும். 1984 டிசம்பரில், ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதற்காக முக்காலி மேல் ஏறினேன். என் மனைவி எஸ்தர், "பிடிச்சுக்கிறேன், இருங்க" என்றாள். நான் இருக்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அது நான்தான்.

முதுகெலும்பில் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஊசியால் குத்தினாலும் தெரியவில்லை. பாத்ரூமுக்கு என்னை எஸ்தரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஃபேக்டரியில் டர்னர். எட்டு மணி நேரம் லேத் முன்னால் நின்றால்தான் எனக்குச் சோறு. ஒரு வருஷம் பார்ப்பார்கள், அதற்குள் நிற்க முடியாவிட்டால் வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். நாசரேத் பக்கத்து ஊரிலிருந்து பெட்டியோடு வந்தவன், இரண்டு பெண் பிள்ளைகளோடு எங்கே போவேன்? அந்த நாட்களில் நான் ஜெபிக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சாவு வந்தால் தேவலை என்று நினைத்தேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புத்தாண்டு காலை ஆராதனையில் எங்கள் சபையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது வழக்கம். தட்டில் மடித்து வைத்த சீட்டுகளில் ஆளுக்கு ஒன்று எடுப்போம். அதிலுள்ள வசனம் அந்த வருஷத்துக்கு நமக்கென்று கொடுக்கப்பட்டது. எழுந்து வர முடியாத எனக்காக அன்று எஸ்தரே எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். பிரித்தேன். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் நடப்பார்கள், நடந்தாலும் களைக்கமாட்டார்கள் என்று சொல்லும் வசனம். கால் இல்லாதவன் போலக் கிடந்த எனக்கு! அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதேன். அழுதுகொண்டே ஜெபித்தேன்.

அந்தச் சீட்டை சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன். மூன்று மாதத்தில் உட்கார்ந்தேன், ஆறாம் மாதம் கைத்தடியோடு நின்றேன். ஃபேக்டரியில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுத்தார்கள். ஆனால் காலில் உணர்ச்சி வருவதும் போவதுமாக இருந்தது. வருஷம் முடியப் போகிறது. டிசம்பர் கடைசி வாரம் டாக்டர் பரிசோதித்து எழுத வேண்டும். எனக்கோ இன்னொரு கவலை. சீட்டு இந்த வருஷத்துக்குத்தானே? டிசம்பர் முப்பத்தொன்றோடு வாக்குத்தத்தமும் காலாவதி ஆகிவிடுமே! சிரிக்காதீர்கள். ரேஷன் கார்டு போல வசனத்துக்கும் கெடு வைத்தேன் நான்.

இங்கே பஷீரைச் சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் எனக்கு அடுத்த லேத் அவனுடையது. பூந்தமல்லிக்காரன், என்னைவிட நான்கு வயது இளையவன். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆவடியிலிருந்து செம்பரம்பாக்கம் ஏரி வரை நடப்போம். காரணம் ஒன்றும் கிடையாது. வருஷமெல்லாம் இரும்புத் தூளையே சுவாசித்தவர்களுக்கு ஒரு நாள் பனிக்காற்று வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அடிபட்ட வருஷம் அவனும் போகவில்லை.

1985 டிசம்பரில் நானே அவனைக் கூப்பிட்டேன். எஸ்தர் எவ்வளவோ தடுத்தாள். பாதி வழியிலாவது பஸ் ஏறுங்கள் என்றாள். நான் கைத்தடியைக்கூட எடுக்கவில்லை. சீட்டு இருக்கிறதே!

பஷீர் முதல் பஸ்ஸில் ஆவடி வந்ததும் விடியற்காலை கிளம்பினோம். அப்படி ஒரு பனி. பருத்திப்பட்டு ஏரி இருப்பதே தெரியவில்லை, தண்ணீர் வாசனைதான் வந்தது. பஷீர் தலையில் குரங்குக் குல்லா, கழுத்தில் மஃப்ளர். காடுவெட்டி தாண்டும்போது வெயில் வந்தது. வயல்களில் நெற்கதிர் பனியோடு தலை சாய்ந்து நின்றது. எனக்கு உள்ளே பொங்கியது. பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தேன். பஷீர் மூன்று இடத்தில் டீ குடிக்கலாம் என்றான், இரண்டு இடத்தில் உட்காரலாம் என்றான். களைக்கமாட்டேன் என்று எழுதியிருக்கும்போது உட்கார்ந்தால் அவிசுவாசம் அல்லவா? நான் நிற்கவே இல்லை. பூந்தமல்லியில் அவன் வீட்டு வாசலில் அவன் அம்மா ரொட்டியும் கைமாவும் கட்டிக் கொடுத்தார்கள். அதையும் நின்றபடியே வாங்கிக்கொண்டு நடந்தேன். நசரத்பேட்டை தாண்டி, பதினொரு மணிவாக்கில் கரை மேல் ஏறினோம்.

அந்த வருஷ மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. அக்கரை தெரியவில்லை. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. "பார்த்தியா பஷீர், வந்துட்டேன்" என்றேன். கரை மேலேயே இன்னும் வேகமாக நடந்தேன்.

கரையின் நட்டநடுவில் கால் போய்விட்டது. ஒரு அடி வைத்தேன், கீழே தரை இல்லாதது போல இருந்தது. அப்படியே சரிந்தேன். பஷீர் பிடித்துக் கற்களின் மேல் உட்கார வைத்தான். முழங்காலுக்குக் கீழே கிள்ளிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். எந்தப் பக்கம் போனாலும் ரோடு வெகு தூரம். டாக்டர் பார்க்க ஆறு நாள் இருக்கிறது. வேலை போயிற்று, வீடு போயிற்று என்று முடிவு செய்தேன். பையிலிருந்து சீட்டை எடுத்தேன். "ஆண்டவர்கிட்ட நீயே கேளு பஷீர். எனக்கு வந்த சீட்டு பொய்யா?" என்று கத்தினேன். கிழித்து ஏரியில் போடப் போனேன்.

பஷீர் என் கையைப் பிடித்துக்கொண்டான். சீட்டை வாங்கி என் பையிலேயே வைத்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணாத்தே, கோச்சுக்காத. அது உன் சீட்டே இல்ல. அண்ணியோடது."

எனக்குப் புரியவில்லை.

"நீ தூங்கிகினு இருந்தப்போ ஒரு நாள் அண்ணி அழுதுகினே சொல்லிச்சு. உனக்குன்னு எடுத்த சீட்டுல அமைதியா உக்காந்து கெடன்னு வந்துச்சாம். படுத்துகினு கீற மனுசன்கிட்ட இத எப்டி குடுக்கறதுன்னு, தன்னோடத உன்கிட்ட குடுத்துடுச்சு. உன்னுது அண்ணிகிட்ட பத்திரமா கீது."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம். ஆறு மாதமாகச் சபையில் எழுந்து "என் சீட்டு, என் சீட்டு" என்று சாட்சி சொன்னவன் நான். கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. கால் செத்துக் கிடக்கிறது, நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். பஷீருக்குப் பயமே வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் ஜெபித்தேன். பெரிய ஜெபம் இல்லை. "ஆண்டவரே, எனக்கு நீர் கொடுத்தது எதுவோ அதையே வாங்கிக்கொள்கிறேன். நீர் எழும்பச் சொல்லும் வரை எழும்ப மாட்டேன்." அவ்வளவுதான். உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தேன் என்றே சொல்வேன். பஷீர் ஏரியில் கை கால் கழுவி, துண்டை விரித்து மதியத் தொழுகை செய்தான். நான் வெயிலில் காலை நீட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்திருந்தேன். மார்கழி வெயில் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தது. பிறகு ரொட்டியும் கைமாவும், எஸ்தர் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அந்தப் புளிச்சோற்றின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது. டாக்டரையும் வீட்டையும் நான் நினைக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் போனதோ, உள்ளங்காலில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை. பெருவிரலை ஆட்டினேன். ஆடியது! பஷீரைத் தொட்டுக் காட்டினேன். அவன் அழுதுவிட்டான். நான் எழுந்தேன். நின்றேன். கொஞ்சம் நடப்போம், கொஞ்சம் உட்காருவோம். அப்படியே பறவைகளைப் பார்த்து, காற்று வாங்கி, கரையின் மறுமுனை வரை என் காலாலேயே நடந்தேன். அங்கிருந்து பஸ் ஏறினோம். ஏறும்போது இடது காலைத்தான் முதலில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தரிடம் கேட்டேன். அவள் அடுப்பருகில் நின்றபடியே தலையைக் குனிந்துகொண்டாள். "பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒரு வருஷம் நடந்தது யார்? ஆஸ்பத்திரிக்கும், ரேஷன் கடைக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும், சபைக்கும் வெயிலிலும் மழையிலும் நடந்தவள் அவள். ஒரு நாளும் களைத்துப் படுக்காதவள் அவள். கர்த்தர் ஆள் மாறிக் கொடுக்கவில்லை. அவளுடைய வசனம் என் பையில் இருந்தாலும் அவளிடத்தில்தான் நிறைவேறியது. நான்தான் கண்ணிருந்தும் பார்க்கவில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அன்றைக்கு நான் காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவள் முழுவதும் குடித்தாள்.

ஆறு நாள் கழித்து டாக்டர் என்னை நிற்க வைத்து, நடக்க வைத்து, குத்திப் பார்த்தார். ஊசி வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் "ஆ" என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பொங்கல் கழிந்து லேத்துக்குத் திரும்பினேன். எட்டு மணி நேரமும் நிற்கிறேன். களைத்தால் வெட்கப்படாமல் உட்காருகிறேன். ஆண்டவருக்கே மகிமை.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கலாம். அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம், கர்த்தருக்குக் கெடு வைக்கவும் வேண்டாம். உங்களுக்கென்று அவர் வைத்திருப்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது வேண்டாததுபோலத் தெரிந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். போன டிசம்பரில் நாங்கள் மூன்று பேராக ஏரிக்குப் போனோம். எஸ்தர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். பஷீரும் நானும் மூச்சு வாங்கியபடி, "கொஞ்சம் நில்லு" என்று கெஞ்சிக்கொண்டே அவள் பின்னால் போனோம்.