புளி போட்டு மினுக்கிய இரும்பு

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில், என் மகளுக்கு மாமியாராக வரப்போகிறவரின் இரும்பை நான் பாழாக்கினேன்.

இரும்பு என்றால், நீண்ட பிடி வைத்த ஒரு சோடித் தட்டு. உட்புறம் பூவும் கட்டமுமாகக் கொத்திய கோலம். ஒரு கரண்டி மாவை நடுவில் வைத்து மூடி, நெருப்பில் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் பிடித்தால் பிட்செல்லே. இலையாய் மெலிந்த, பெருஞ்சீரகம் மணக்கிற இத்தாலி பிஸ்கற். அவர்களுடைய அப்ருட்சோ மலைப்பக்கத்தில், பெயரின் முதலெழுத்துகளை வெட்டிய இப்படியொரு இரும்போடுதான் பெண் புகுந்த வீட்டுக்குப் போவாளாம். இதில் இருந்தவை சம்பந்தியம்மாவின் மாமியாருடைய எழுத்துகள். அந்த வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதில்தான் சுட்டார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு இந்தக் கல்யாணத்தில் அரை மனம். என் மகளோடு ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை. மணிக்கட்டில் ஒப்பரேஷன் செய்த கையால் தனியே பிடித்துச் சுட முடியாமல்தான் இரும்பைத் துவாயில் சுற்றி, கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். சனிக்கிழமை வந்து எங்களோடு சேர்ந்து சுடுவதாகச் சொன்னார். அவர் எங்கள் பக்கம் எடுத்து வைத்த முதலாவது அடி அது.

திங்கட்கிழமை பிரித்துப் பார்த்தேன். ஒரே கறுப்பு. கல்யாண வீடென்றால் பித்தளையெல்லாம் புளி போட்டு மினுக்கிப் பழகிய கை என்னுடையது. சும்மா இருக்குமா? பழப்புளியில் ஊறவைத்துத் தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். கறுப்புக் கறுப்பாய் ஓடியது தண்ணீர். எழுத்துகள் வெள்ளியாய் எழும்பின.

"இண்டைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செய்திருக்கிறியள்" என்றாள் மனைவி.

வேலையால் வந்த மகள் கையை வாயில் வைத்தாள். "ஓ மை கோட், அப்பா! அது ஊத்தை இல்லை. எத்தனை வருஷத்து எண்ணெய்! அது இல்லாட்டி மா ஒட்டும்."

உடனே போன் எடுத்துச் சொல்வோம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ! சனி வரைக்கும் அந்தத் துவாய்ச் சுருளைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

சனி வந்தது. அவரும் வந்தார். இரும்பைத் திறந்தார். பெருவிரல் எழுத்துகளின் மேல் போய் நின்றது. இத்தாலியில் ஏதோ சொன்னார். கொஞ்சம் இத்தாலி தெரிந்த மகள் நிலத்தைப் பார்த்தாள், மொழிபெயர்க்கவில்லை. நான் சொன்ன 'ஐ ஆம் சொறி' எனக்கே கேட்கவில்லை.

எண்ணெய் பூசிச் சுட்டுப் பார்த்தோம். தட்டைப் பிரித்தால் பாதி மேலே, பாதி கீழே. இரண்டாவதும் அப்படி. ஐந்தாவதும் அப்படி. இரும்பை என் கையில் திணித்தார்.

"ஒரு பக்கத்துக்கு ஒரு மரியே வாழ்க."

அவர்கள் ஊரில் மணிக்கூடு பார்த்துச் சுடுவதில்லையாம்; செபம்தான் கணக்கு. நாங்களும் வேதக்காரர், கத்தோலிக்கர்தான். எனக்கு அந்தச் செபம் தமிழில்தான் வரும். 'அருள் நிறைந்த மரியே' என்று தொடங்கி ஆமென் வரை பயபக்தியாய், மெல்ல மெல்லச் சொன்னேன். புகை கிளம்பியது.

"உங்கள் மாதாவுக்கு அவசரமே இல்லையா?" என்றார் ஆங்கிலத்தில்.

மனைவி மட்டும் சிரித்து, பாதியில் நிறுத்தினாள்.

அவர் ஜக்கெற்றை எடுத்தார். "இதைத் திரும்பக் கறுப்பாக்கித் தாருங்கள்." கார் போய்விட்டது. மேலே மகளின் அறைக்கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

ஞாயிறிலிருந்து வேலை முடிந்து வந்ததும் அடுப்படிதான். பூசு, சூடாக்கு, சுடு, சுரண்டு, எறி. புகை அலாரம் கத்தியது. மகள் கீழே வந்து, சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு திரும்ப மேலே போனாள். செவ்வாயன்று இரும்பு மண்ணிறமாயிற்று. புதனன்று ஒன்று ஓரம் கிளம்பி, நடுவில் கிழிந்தது. வியாழன் பின்னேரம் ஒன்று முழுதாய்க் கழன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. மனைவி சம்பந்தியம்மாவுக்குப் போன் எடுத்தாள்.

வந்தார். இரும்பைத் திறந்து பார்த்து மூடினார். ஒரு பிட்செல்லேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உடைத்து, மென்றார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சீனி கூடிவிட்டது."

இரும்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"எங்கே உங்கள் மகள்? வரச் சொல்லுங்கள். சீனியை அவள் அளக்கட்டும்."