இக்னாட்ஸ் கொடுத்த ஈஸ்ட்

பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கியிருக்கிறீர்களா? அந்த மோர் இருந்த பாத்திரத்தில் வேறு என்ன கிடந்தது என்று என்றைக்காவது எட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிட்டுக்கொண்டே மட்டும் படிக்காதீர்கள்.

பவேரியாவில், செக் எல்லையை ஒட்டிய சின்ன ஊர். நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. என் மனைவி வீட்டில் பரம்பரையாக பீர் காய்ச்சுகிறார்கள். ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு காய்ச்சும் கூடம். அங்கே விறகடுப்பில் காய்ச்சிய பார்லிச் சாற்றை அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுவந்து, தொட்டியில் ஊற்றி, ஈஸ்ட் கலந்து புளிக்கவைக்க வேண்டும். ஈஸ்ட்டை யாரும் கடையில் வாங்குவதில்லை. கடைசியாக யார் புளிக்கவைத்தார்களோ அவர்கள் வீட்டுக்கு வாளியோடு போய் நிற்க வேண்டும். அதுதான் வழக்கம்.

என் மாமனார் கொர்பினியான் அந்த நவம்பரில் சொன்னார்.

"மாப்ள, இந்தத் தடவை நீ தனியா காய்ச்சு. நல்லா வந்தா காய்ச்சுற உரிமை உன் பேர்ல. கெட்டுச்சுன்னா எங்க அண்ணன் மகன் பேர்ல. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

காய்ச்சினேன். சாறு ஆறிவிட்டது. விடிவதற்குள் ஈஸ்ட் போடாவிட்டால் கெட்டுப்போகும். கடைசியாகப் புளிக்கவைத்தவர் எதிர்வீட்டு இக்னாட்ஸ். எழுபது வயது, தனிக்கட்டை.

"மூணு நாளா சீட்டாட வரலையே அந்தாளு" என்றேன்.

"போன வாரம் என்கிட்ட தோத்தான்ல, அந்தக் கோவம். போய்க் கேளு. ஈஸ்ட் இல்லன்னு மட்டும் சொல்ல மாட்டான்."

மாலை 5.40. இருட்டிவிட்டது. இக்னாட்ஸ் வீட்டு வாசல் பூட்டியிருந்தது. தெருவோரம் கணுக்கால் உயரத்தில் அவருடைய நிலவறை ஜன்னல் திறந்து கிடந்தது. உள்ளே விளக்கில்லை.

"இக்னாட்ஸ் மாமா... ஈஸ்ட் வேணும்."

பிறகு ஈரமான சத்தம். சேற்றில் கால் வைத்து எடுப்பதுபோல... சளக்... சளக்...

ஜன்னலில் இரண்டு கைகள் வந்தன. வாளியைக் கொடுத்தேன்.

தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தக் கைகளை நன்றாகப் பார்த்தேன். வெளுத்து, ஊதி, நாளெல்லாம் துணி துவைத்தவர் கைபோலத் தோல் சுருங்கியிருந்தது. ஒரு ஈ வந்து விரலில் உட்கார்ந்தது. நவம்பர் குளிரில் ஈ!

வாளி நிறைந்து வந்தது.

"உடம்பு சரியில்லையா மாமா?"

"கொண்டு போ."

அவ்வளவுதான். வாய் நிறைய எதையோ வைத்துக்கொண்டு பேசுகிற குரல்.

நிலவறை ஈஸ்ட் சில்லென்று இருக்கும். இது கதகதவென்று இருந்தது. பழுப்புக் கூழ். மேலே பாலாடை மாதிரி ஒரு தோல். குமட்டும் நாற்றம்... மழையில் நனைந்த கறிக்கடைபோல. சல்லடையில் ஊற்றினேன். குட்டை குட்டையாக வெள்ளை முடி நின்றது.

"மாமா, இத ஊத்த வேணாம். செத்த எலி நாத்தம் அடிக்குது."

மாமனார் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஈஸ்ட் பின்ன ரோஜாப்பூ மாதிரியா மணக்கும்? அவன் நாயோட முடியா இருக்கும். ஊத்துடா, சாறு கெட்டுறப் போவுது."

இக்னாட்ஸ் வீட்டு நாய் செத்து இரண்டு வருடம் ஆகிறது. அது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஊற்றினேன்.

இரவு 2.15. கீழே சத்தம் கேட்டு விழித்தேன்.

களக்... களக்...

யாரோ தொண்டை கொப்பளிப்பதுபோல இருந்தது. விளக்கை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினேன்.

எங்கள் ஈஸ்ட் நுரைக்க முழுதாக ஒரு நாள் ஆகும். தொட்டியில் அதற்குள் நுரை விளிம்புவரை வந்திருந்தது. மேலே தடித்த தோல். அது ஏறியது... இறங்கியது... மெதுவாக. தூங்குகிறவன் வயிறுபோல.

சத்தம் நின்றது.

விளிம்பில் நுரை குழிந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

ஐந்து குழிகள்.

உள்ளேயிருந்து பிடிக்கிற விரல்கள்போல...

ஓடினேன். படியிலேயே வாந்தி எடுத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமனார் நுரையை விரலால் வழித்து நக்கினார். "அடடா! இந்த வீட்லயே இப்படி ஒரு நுரை வந்ததில்ல மாப்ள. உரிமை உனக்குத்தான்." மீசையிலும் நுரை.

எட்டு மணிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தீயணைப்புக்காரர்கள் உடைத்தார்கள். தபால்காரப் பெண்தான் நாற்றம் தாங்காமல் அவர்களை அழைத்திருந்தாள். பீரை இறக்கிய பிறகு அடியில் தங்கிய ஈஸ்ட்டை அள்ள இக்னாட்ஸ் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார். உள்ளே தேங்கிய கெட்ட காற்று ஆளை அமுக்கிவிட்டது. முகம் கூழுக்குள் புதைந்து கிடந்தது. செத்து மூன்று நாள் என்றார் டாக்டர்.

"ஆனா ஒண்ணு புரியல" என்றார் தீயணைப்புத் தலைவர். "ஈஸ்ட் மேல தோல் காய்ஞ்சு கிடக்கு. அவர் வாய்க்குப் பக்கத்துல மட்டும் ஒரு வாளி அளவுக்குப் புதுசா அள்ளின பள்ளம். யாரு அள்ளினா?"

மாமனார் மீசையைத் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என் காதருகே, "வாயத் திறக்காத. பீர் நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

ஒன்பது மணிக்கு நான் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். ஆயிரத்து இருநூறு லிட்டரும் சாக்கடைக்குப் போனது. மாமனார் அண்ணன் மகனுக்குப் போன் செய்தார்.