ரெண்டு விரல் கூடுதல்

என் ஜெராக்ஸ் கடைக்கும் டெய்லர் அக்கா கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டே அவள் பேசுவதை முழுசாகப் புரிந்துகொள்ளும் ஆள் இந்தத் தெருவில் நான் ஒருத்தன்தான்.

எல்லோருக்கும் அவள் ரெண்டுவிரல் அக்கா. யாருக்கு அளவெடுத்தாலும் ரெண்டு விரல் கூட்டித்தான் நோட்டில் எழுதுவாள். "உள்ள மடிச்சு வச்சிருந்தா, பத்தாதப்போ பிரிச்சுக்கலாம் தம்பி. வெட்டினதுக்கப்புறம் அழுது என்ன பிரயோஜனம்?" என்பாள். எனக்கு வராத தொப்பைக்கு முன்கூட்டியே என் சட்டையில் இடம் விட்டிருந்தாள். கோபம் வந்தது. பிறகு தொப்பையும் வந்தது.

கணவர் இல்லை. ஆறு வயதில் ஒரே மகள். எங்கள் கடைத்தெருக் கோடியில் இருக்கும் பள்ளியில் இடம் கிடைத்தால் மணி அடித்ததும் பிள்ளை நேராகக் கடைக்கு வந்துவிடும். இல்லையென்றால் ரெண்டு பஸ் மாறிப் போகிற பள்ளிதான். அதைக் கூட்டிவர மத்தியானமே கடையைச் சாத்த வேண்டும். பாதி நாள் பூட்டிக் கிடக்கிற தையல்கடையை யார் தேடி வருவார்கள்?

விண்ணப்பம் போட்டாள். 'வரம்புக்குள் வரவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என்ன வரம்பு, ஏது வரம்பு, ஒன்றும் இல்லை. மேல்முறையீட்டை நான்தான் டைப் அடித்தேன், கண்ணீர் வரும்படி. அதற்கும் அதே ஒற்றை வரி.

அக்கா புகார் சொல்ல ஆரம்பித்தாள். ஜாக்கெட் தைக்க வந்தவரிடம், ஜிப் மாற்ற வந்தவரிடம், வழி கேட்க வந்தவரிடம்கூட. "பக்கத்து வீட்டுப் பையனுக்கு இடம் குடுத்திருக்காங்க. பள்ளிக்கூடத்துல இருந்து பாத்தா எங்க வீட்டத் தாண்டித்தான் அவங்க வீடு! இது என்ன நியாயம்?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் இருவரும் கடைகளைச் சாத்திவிட்டுக் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினோம்.

கிளார்க் நிதானமான மனிதர். பக்கத்து வீட்டு நியாயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, ஃபைலைப் பிரித்து எங்கள் பக்கம் திருப்பினார்.

"வீட்டுல இருந்து பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர்தாம்மா வரம்பு. அவங்க தொள்ளாயிரத்துத் தொண்ணூறு மீட்டர்னு எழுதியிருக்காங்க. நீங்க ஆயிரத்து இருபதுன்னு எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

அக்கா பார்த்தாள். அவள் கையெழுத்தேதான்.

"போன்ல பாத்தப்போ தொள்ளாயிரத்து எழுபதுதான் காட்டிச்சு" என்றாள் மெதுவாக. "பழக்க தோஷம்... கொஞ்சம் கூட்டிப் போட்டேன். தூரம்னா இடம் குடுப்பாங்கன்னு நெனச்சு இல்ல சார். பத்தாம போயிடக் கூடாதேன்னுதான்."

கிளார்க்குக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. பத்து வருஷமாகத் தன்னைக் காப்பாற்றிய கை, மகளை ரெண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டதே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆயிரத்து இருபதைப் பார்த்துப் பார்த்து மேல்முறையீட்டில் டைப் அடித்த மகானும் நான்தானே!

ஆனால் ஜெராக்ஸ்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. எந்தத் தாளைக் கண்டாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பான். திருப்பினேன். அடியில் ஒரு கட்டம்: 'தூரத்தை நேரில் அளந்து சரிபார்த்தவர்'. கையெழுத்து இல்லை. மேல்முறையீட்டுத் தாளிலும் இல்லை.

"அவங்க கூட்டி எழுதினது தப்புதான் சார். நீங்க அளக்கவே இல்லையே, அது யார் தப்பு?"

கிளார்க்கின் சிரிப்பு நின்றது. புகாரை அங்கேயே கையால் எழுதிக் கொடுத்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வார்த்தைகூட அவள் கூட்டவில்லை.

அடுத்த வாரம் ஓர் அதிகாரி தூரம் அளக்கும் உருட்டுச் சக்கரத்தோடு வந்தார். அக்கா கழுத்தில் டேப்போடு கூடவே நடந்தாள், சக்கரம் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள. தொள்ளாயிரத்து எழுபத்தாறு. அந்த வெள்ளிக்கிழமையே இடம் கிடைத்தது.

"இனிமே அளவுன்னா அளவுதான் தம்பி" என்று சபதம் போட்டாள். மகளின் சீருடையை ஒரு நூல் கூட்டாமல் வெட்டினாள். பிள்ளை அதில் பொம்மை மாதிரி இருந்தது.

எட்டு மாதம் போயிருக்கும். மூன்றரை மணிக்கு வழக்கம்போல் மகள் பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். அக்கா அவளைத் தோளைப் பிடித்து என் கடை வாசலில் நிறுத்தினாள். பாவாடை முழங்காலுக்கு ரெண்டு விரல் மேலே நின்றது. பிரித்துவிட உள்ளே துணியே இல்லை.

"பாத்தியா? அந்த ஃபைலப் பாத்துப் பயந்து மடிப்பு விடாம தச்சேன். இதுக்கு யார் மேல புகார் எழுதறது?"

நான் பேனாவை எடுத்தேன். "சொல்லுங்கக்கா, எழுதறேன்."

அவள் டேப்பை உருவி மகளின் இடுப்பிலிருந்து முழங்கால்வரை அளந்தாள். பிறகு என் பேனாவை வாங்கி, ரெண்டு விரல் கூட்டி எழுதினாள்.