இடுப்பில் நிற்கும் துணி

நார்மன் இம்ரி வாஷிங் மெஷினின் மேல் காதை வைத்துக் கேட்கும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது. கெட்டில் கொதித்தால் அதையும் அணைத்துவிட வேண்டும். கன்னத்தைத் தகரத்தில் அழுத்தி, கண்ணை மூடி, டிரம் சுற்றுகிற சத்தத்தை ஒரு முழு நிமிடம் கேட்பார். பிறகு, "பேரிங் இல்ல. யாரோ சட்டைப்பையில ஆணிய விட்டிருக்கீங்க," என்பார். அந்த வீட்டில் தச்சுவேலை செய்பவர் யாரோ, அவர் தன் தலையைச் சொறிந்துகொள்வார்.

உள்ளேயிருந்து எடுத்த பொருள்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பார். கொண்டை ஊசி, பொத்தான், கைக்குழந்தையின் ஒற்றைக் காலுறை. பிராவின் கம்பி அகப்பட்டால் மட்டும் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி ஓரமாக வைப்பார். அது என்னவென்று சொல்ல மாட்டார். தனியாகக் குடியிருந்த ஒரு பாதிரியார் வீட்டிலும் அப்படி ஒரு பொட்டலம் வைத்துவிட்டு வந்தாராம். அந்தச் செய்தி வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்கு எட்டியது. நார்மன் வாய் திறக்கவில்லை.

ஸ்காட்லாந்தில் எங்கள் ஊரான லீவனின் கடைத்தெருவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் கவுண்டரில் நிற்கிற பெண் நான். நார்மன் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு முன்னால் படித்தவர். ஒரு கண்ணில் பார்வை மங்கியதும் வேனை விற்றுவிட்டு, கிழவிகள் காய்கறி வாங்க இழுத்துப்போகிற சக்கரப் பையில் கருவிகளைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். பெரிய உடம்பு. முன்னால் வயிறு உண்டு. பின்னால் ஒன்றும் கிடையாது. பெல்ட்டுக்குப் பிடிமானம் இல்லாத வாகு. மெஷினுக்குப் பின்னால் மண்டியிட்டுக் குனிந்தால், சட்டை மேலே ஏறும், டிரவுசர் கீழே இறங்கும். நடுவே தெரிவதை ஊரே பார்த்திருக்கிறது.

அவருக்கு இருபத்து நான்கு வயதிருக்கும்போது, பக்கத்து ஊரான மெத்திலில் ஒரு வீட்டுப் பையன் அந்தப் பிளவில் இருபது பென்ஸ் காசு ஒன்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அன்று மாலைக்குள் மதுக்கடையில் பெயர் வைத்துவிட்டார்கள்: உண்டியல். முப்பத்து நான்கு வருடமாக அந்தப் பெயர்தான். "வா உண்டியல், என்ன வேணும்?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே ஆட்டுக்கறிப் பை இரண்டு என்பார், மாவுக்குள் கறி வைத்துச் சுடுகிற பலகாரம். அது சிரிப்புதான் என்று நான் நம்பியிருந்தேன்.

டிரவுசரை இழுத்துப் பிடிக்கத் தோள்வார் போட்டுப் பார்த்தார். மெஷினின் பின்பக்கத்து ஆணியில் மாட்டி அறுந்தது. கழுத்திலிருந்து கால் வரை ஒரே துணியாக வரும் வேலை உடுப்பைப் போட்டார். குனிந்தால் கவட்டைப் பிடித்து இழுத்தது. கடைசியில் ஒரு கை பின்னால், ஒரு கை ஸ்குரூடிரைவரில் என்று வேலை செய்யப் பழகிக்கொண்டார்.

பிறகு கூப்பர் என்ற ஊரில் அவர் அக்கா மகள் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குக் கில்ட் என்கிற மடிப்புவைத்த முழங்கால் பாவாடையைக் கட்டுவது எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் செய்வதுதான். மறுநாள் வாடகைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நார்மனின் அளவுக்கு வாடகைக் கடையில் இல்லை. தர்மக் காரியத்துக்காகப் பழைய துணி விற்கும் கடையில் ஒன்று கிடைத்தது. கரும்பச்சைக் கட்டம், கனமான கம்பளி. ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, இது யாருடையதோ. விருந்து நடந்த விடுதியில் பாத்திரம் கழுவும் மெஷின் பொங்கித் தரையெல்லாம் தண்ணீர். யாரோ நார்மனைக் கூப்பிட்டார்கள். கல்யாண உடுப்போடு மண்டியிட்டார். அரை மணி நேரம் கழித்து எழுந்தபோதுதான் கவனித்தார், இரண்டு கையிலும் கிரீஸ் இருந்தது. இடது கை ஒரு தடவைகூடப் பின்னால் போகவில்லை. கில்ட் விலா எலும்புக்குக் கீழே, மூன்று வார்ப்பூட்டுகளில் இறுக்கிக் கட்டுவது. ஏறவில்லை, இறங்கவில்லை. பின்னால் அத்தனை மடிப்பும் திரைபோல விழுந்து மூடியிருந்தது.

"எஃபி, அந்த அரை மணி நேரம் நான் வேலைய மட்டும்தான் நெனச்சேன்," என்று பின்னொரு நாள் என்னிடம் சொன்னார். "அப்படி ஒரு சுகம் இருக்குன்னே தெரியாது."

ஆனால் கல்யாணம் இல்லாத நாளில் கில்ட் கட்டிக்கொண்டு தெருவில் போவது எங்கள் பக்கத்தில் லேசான காரியமில்லை. அது மலைநாட்டுக்காரன் உடுப்பு, பணக்காரன் உடுப்பு, சுற்றுலாக்காரனுக்காகப் பைக்குழல் ஊதுகிறவன் உடுப்பு. மற்றவன் கட்டினால் குடித்திருக்கிறான் என்று அர்த்தம். நார்மன் முதலில் வீட்டுக்குள் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினார். பிறகு விடிகாலையில் குப்பைத் தொட்டியை வாசலுக்கு இழுத்துப் போனார். பிறகு தபால்பெட்டி வரைக்கும். ஒரு மாதம் கழித்து எங்கள் கடைக்கு வந்தார்.

"எங்க கல்யாணம்?" என்றாள் என்னோடு வேலை செய்யும் ஷீனா.

"கென்னோவேல," என்றார், முகம் சிவக்க.

பொய். அடுத்த வாரமும் கட்டி வந்தார். அதுவும் கல்யாணம் என்றார். மாப்பிள்ளை பெயர் கேட்டால் திணறினார். நான்காவது முறை ஷீனா விடவில்லை. "இந்த மாசம் மட்டும் நாலு கல்யாணம் உண்டியல்! ஒரு கேக்குத் துண்டாவது எங்களுக்குக் கொண்டாரக் கூடாதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிழவர் வாட்டி, "அது உங்க குலத்துக் கட்டமே இல்லடா, எவன் பாவாடைய உருவிக்கிட்டு வந்த?" என்றார். நார்மன் காசு எடுக்கிற சாக்கில் பணப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை கில்ட்டோடுதான் வந்தார்.

"இன்னைக்கு எங்க கல்யாணம்?"

"கல்யாணம் இல்ல."

"அப்புறம் என்ன விசேஷம்?"

அவர் தொண்டையைச் செருமினார். "செவ்வாக்கிழம," என்றார்.

அதைச் சொல்லிவிட்டு அவர் வெளியே போகும்போது கதவை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளிக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அத்தனை படபடப்பு. ஆனால் அதற்குப் பிறகு தினமும் கட்டினார். வசந்தம் முழுக்கக் கட்டினார். வீடுகளில் முதலில் சிரித்து, பிறகு பழகிப்போனார்கள். அந்தப் பெயரைக்கூடச் சிலர் மறக்க ஆரம்பித்தார்கள்.

இனி நான் சொல்ல வேண்டியது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. நண்பகல். கல்யாணப் பெண் ஒருத்தியும் அவள் தோழிகள் ஐந்து பேரும் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்குக் கிளம்பி, எடின்பரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் பசிக்கு எங்கள் கடைக்குள் வந்தார்கள். மார்புக்குக் குறுக்கே இளஞ்சிவப்புப் பட்டை, தலையில் காகிதக் கிரீடம். காலையிலேயே குடிக்கத் தொடங்கியிருந்தார்கள். வரிசையில் அவர்களுக்கு முன்னால் நார்மன் நின்றார்.

"உள்ள என்ன மாமா போட்டிருக்க?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

கில்ட்டுக்குள் ஒன்றும் போடுவதில்லை என்பது ஊர்க்கேலி, இந்தக் கேள்வி தினம் வருவதுதான். "ரெண்டு முட்டி இருக்கு, ஒண்ணு கொஞ்சம் வலிக்குது," என்றார். கடை சிரித்தது. நார்மனும் சிரித்துவிட்டுக் கவுண்டர் பக்கம் திரும்பினார். ஒரு கையில் காகிதப் பை இருந்தது, மறு கையை மீதிச் சில்லறைக்காக என்னிடம் நீட்டியிருந்தார். பின்னால் நின்றவள் கில்ட்டை அப்படியே தூக்கினாள். இன்னொருத்தி போனில் படமெடுத்தாள். அவர் உள்ளாடை போட்டிருந்தார். பழையது, எலாஸ்டிக் தளர்ந்தது. அதுவும் பாதி இறங்கியிருந்தது.

"உண்டியல் தெறந்துடுச்சுடோய்!" என்று ஒரு குரல் கத்தியது. கடை குலுங்கிச் சிரித்தது.

கத்தியது நான்தான்.

நார்மனின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறியது. யாரையும் திட்டவில்லை. காகிதப் பையைக் கவுண்டரில் வைத்தார். ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரப் பையை இழுத்துக்கொண்டு வெளியே போனார். சக்கரப் பை கதவில் இடித்தது. அந்தப் பெண்கள் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அவர் விட்டுப்போன காகிதப் பையில் ஆட்டுக்கறிப் பை இரண்டும் சூடாகவே இருந்தன. அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

படம் ஊரெல்லாம் சுற்றியது. என் குரலும் அதில் இருந்தது. நார்மன் டிரவுசருக்குத் திரும்பினார். எங்கள் கடைக்கு வருவதில்லை. மெத்திலில் வேறு கடையில் கறிப் பை வாங்குகிறார் என்றார்கள். "போலீஸ்ல சொல்லியிருக்கணும், அது குத்தம்," என்று ஷீனா அவரைத் தெருவில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். "ஸ்டேஷன்ல போய் என்னன்னு சொல்றது ஷீனா? பொம்பளைங்க என் பாவாடையத் தூக்கிட்டாங்கன்னா? அங்கயும் சிரிப்பாங்க," என்றாராம்.

நவம்பரில் என் வாஷிங் மெஷின் நின்றது. சமையலறையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். கிர்காடியிலிருந்து வருகிற ஆள் அடுத்த வாரம்தான் முடியும் என்றான். வெட்கத்தை விட்டு நார்மனைக் கூப்பிட்டேன். வந்தார். நான் தேநீர் போடட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். காதை வைத்துக் கேட்டார். மண்டியிட்டார். இடது கை பின்னால் போய் டிரவுசரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வலது கையால் மட்டும் திருகாணிகளைக் கழற்றினார். ஒன்று கைநழுவி விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. அதைத் தேடவும் ஒரு கைதான். அரை மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நார்மன்," என்றேன், முகம் காட்டாமல். "அன்னைக்கு நானும்..."

"தெரியும்."

"சிரிச்சதோட இல்ல. அந்த வார்த்த..."

"முதுகுதான் எஃபி அந்தப் பக்கம் இருந்துச்சு. முகம் உன்னப் பாத்துதான் இருந்துச்சு." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அந்தப் பொண்ணுங்க யாருன்னே எனக்குத் தெரியாது. போதையில பண்ணிட்டுப் போச்சுங்க. உன்னய எனக்கு அஞ்சு வயசுலருந்து தெரியும்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அது அந்தச் சமையலறையில் தண்ணீரைப்போல நின்றது. அவர் வடிகட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். "தரை தொடைக்கிற துணி இருந்தாக் குடு," என்றார் கடைசியில். அவர் போனபிறகு பார்த்தால், ஜன்னல் விளிம்பில் ஒரு கொண்டை ஊசி, பக்கத்தில் டிஷ்யூவில் சுற்றிய சின்னப் பொட்டலம். அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். கண்ணீர் வந்தது என்று எழுதினால் எனக்கு நல்ல பெயர் கிடைக்கும். வரவில்லை. காது மட்டும் எரிந்தது.

ஜனவரியில், பனியும் மழையும் கலந்து அடித்த ஒரு புதன்கிழமை காலை, எங்கள் கடைக் கதவு திறந்தது. நார்மன். கரும்பச்சைக் கில்ட், தடித்த காலுறை, முழங்கால் குளிரில் சிவந்திருந்தது.  ஷீனா என்னைப் பார்த்தாள்.

"ஆட்டுக்கறிப் பை ரெண்டு," என்றார்.

கிழவர் வாட்டிக்கு வாய் சும்மா இருக்காது. "மறுபடியுமாடா? போன வருசம் பட்டது போதாதா?"

"டிரவுசர் போட்டாலும் சிரிச்சாங்க வாட்டி. இதக் கட்டினாலும் சிரிச்சாங்க," என்றார் நார்மன். சில்லறையை ஒவ்வொன்றாகக் கவுண்டரில் எண்ணி வைத்தார். "வெக்கம் ரெண்டுலயும் ஒண்ணுதான். இது இடுப்புலயாவது நிக்குது."

யாரோ ஒருவர் சிரித்தார். கூடச் சேர்ந்துகொள்ள யாருமில்லாமல் அந்தச் சிரிப்பு இருமலானது. நான் கறிப் பைகளைச் சுற்றிக் கொடுத்தேன். "இந்தா நார்மன்," என்றேன். கடையில் எல்லார் முன்னாலும் அந்தப் பெயரை என் வாய் சொல்லிப் பல வருடம் ஆகியிருந்ததால், நாக்கு கொஞ்சம் தடுமாறியது.  அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது தினமும் கட்டுகிறார். அன்றுபோல இப்போதும் சில நாள் முகம் சிவக்கிறது. தெருமுனையில் இளவட்டங்கள் விசிலடித்தால் நடையை வேகமாக்குகிறார். தைரியம் வந்துவிட்டதா என்று ஒரு முறை ஷீனா கேட்டாள். "எங்க வந்துச்சு? பயந்துக்கிட்டேதான் கட்டுறேன். இடுப்புப் பூட்ட மாட்டுறதுக்குள்ள மூணு தடவ கழட்டிடலாமான்னு தோணும்," என்றார்.

போன வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போகிற மாடி பஸ்ஸில் அவரும் சக்கரப் பையோடு ஏறினார். கீழ்த்தளம் பள்ளிப் பிள்ளைகளால் நிறைந்திருந்தது. "மேல போங்க, மேல எடம் இருக்கு," என்று ஓட்டுநர் கத்தினார். நார்மன் படிக்கட்டின் அடியில் ஒதுங்கி நின்று எல்லாரையும் முன்னால் போகவிட்டார். இரண்டு மாணவர்கள் போனார்கள். பிரம்பு ஊன்றிய ஒரு அம்மாள் போனாள். நானும் அவரும்தான் மிச்சம். படி செங்குத்தானது. யார் பின்னால் வந்தாலும் முன்னால் போகிறவரின் முழங்காலுக்கு நேரே முகம் இருக்கும்.

"நான் முன்னால போறேன் நார்மன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பஸ் கிளம்பிக் குலுங்கியது.

"வேணாம். பை கனம்," என்றார். "நீ பின்னால வந்து அடிப்பக்கத்தத் தாங்கிப் பிடி."

சக்கரப் பையின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அவர் எனக்கு முன்னே படியேறினார்.